சட்டி காத்தவர்கள்

பலாபத்வல,
2024 மே 2

அன்புத் தம்பி ஹஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ராத்தா ஸரீனா எழுதுகிறேன். அல்லாஹ் உன்னைச் சுகமாகத்தான் தோஹாவில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான். நீ போன நாளிலிருந்து எனக்கு எடுத்த கோல்களை எல்லாம் கண்டுகொண்டேதான் எடுக்காமல் விட்டேன். போனில் பேசினால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துத் தொலைப்பேன். பிறகு என் கோபத்துக்கு என்ன மரியாதை? அதனால்தான் தபால். கடிதத்துக்கு நடுவில் புகுந்து "சரி சரி ராத்தா" என்று சொல்ல உன்னால் ஏலாது.

பயணம் சொல்ல வந்த அன்று நான் ஏன் அறைக்கதவைத் திறக்கவில்லை என்று உன் பெண்சாதி றுக்ஸானாவிடம் கேட்டாயாம். தலைவலி என்று அவள் சமாளித்திருக்கிறாள். தலைவலி இல்லை. ரிவர்ஸ்டன் மலை.

பெருநாள் ட்ரிப் என்று அங்கே இருந்துகொண்டே மாதக்கணக்கில் திட்டம் போட்டாய். அதற்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினாய். என் புருஷன், உன் ஜுனைதீன் மச்சான், அதில் இருந்தார். அவருடைய தம்பிமார் இருந்தார்கள். வேன் ஓட்டுகிற பாறூக் நானாவும் இருந்தார். நானும் றுக்ஸானாவும் இல்லை. எங்களுக்கு வந்தது ஒரேயொரு செய்திதான்: "ராத்தா, நாலு சஹனுக்குச் சோறு." ஒரு சஹன் தட்டில் ஆறு பேர் கைவைப்பார்கள். நாலு சஹன் என்றால் அது கல்யாண வீட்டுச் சட்டி, தம்பி. சுபஹுக்கு முன்பே எழும்பி ஆக்கினோம். வேனில் ரத்தோட்டை தாண்டி வளைவுக்கு வளைவு அந்தச் சட்டி சரியாமல் இருக்க என் இரண்டு காலையும் அண்டை கொடுத்துக்கொண்டு வந்தேன். வெளியே என்ன மலை போனது, என்ன அருவி போனது, எனக்குத் தெரியாது. மூடியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேலே போய் இறங்கியதும் கட்டாரில் இருந்து கொண்டுவந்த, அட்டை கடிக்காமல் போடுகிற சொக்ஸை எடுத்துப் பங்கு வைத்தாய். ஆம்பிளைகளுக்கு எல்லாம் ஒவ்வொரு சோடி. பாறூக் நானாவுக்கும் ஒரு சோடி. அவர் வேனை விட்டு இறங்கவே இல்லை! சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். ஏற வேண்டும் என்று வந்த எங்கள் கால்களுக்கு ஒன்றும் இல்லை. அட்டைக்கு மட்டும் ஆம்பிளை பொம்பிளை தெரியாது, அது எங்களையும் கடித்தது.

"ஏறுற ஆக்கள் எல்லாம் வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தாய். நாங்கள் ரோட்டோரத்தில் இருந்தோம். சோறு சூடாக்க மூட்டிய அடுப்பைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. குரங்கு வேறு. உன் திட்டத்தில் குளிக்கிற இடம் மூன்று இருந்தது, பொம்பிளைகள் ஒதுங்குகிற இடம் ஒன்றும் இல்லை. அதனால் காலையிலிருந்து நாங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. உனக்கு அது தெரியுமா? தெரியாது. கேட்கவில்லையே.

நனைந்துகொண்டு இறங்கி வந்து, கறித்துண்டைப் பொறுக்கிக்கொண்டே என்ன சொன்னாய்? "ஒண்ணும் தெரியல்ல ராத்தா, எல்லாம் மூட்டம்தான். நீங்க வராதது நல்லம்."

அதுதான் என்னைச் சுட்டது. நான் வராமல் இருந்தேனா?

எங்கள் கிணற்றடியில் நின்றால் தெரிகிற மலைகள் அவை. நாற்பத்தாறு வருஷமாக அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் தண்ணீர் அள்ளுகிறேன். ஒரு தடவை அங்கே நின்று இந்தப் பக்கம் பார்க்க ஆசைப்பட்டேன். இன்ஷா அல்லாஹ் அடுத்த பெருநாளுக்கும் லீவில் வருவாய். ட்ரிப் என்பாய். நான் அந்த மலையில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உன் ட்ரிப்புக்கு என் கையால் ஒரு பிடி சோறு கிடையாது.

உனக்கு துஆச் செய்கிறேன். கோபம் வேறு, துஆ வேறு.

ராத்தா

*

தோஹா,
2024 மே 24

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கம்பெனி ஒபிசுக்கு வந்தது. இந்தக் காலத்தில் கடிதமா என்று, ஏதோ வழக்கு நோட்டீஸ் எனப் பயந்துபோய்க் கொண்டுவந்து தந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். வழக்குத்தான்.

ராத்தா, நீங்கள் என்னை ஏதோ கல்நெஞ்சக்காரன் போல எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்களும் கேட்டதில்லை. இப்பவே வெயிலில் இரும்பைத் தொட ஏலாது. அறையில் ஆறு பேர். வேலை விட்டு வந்து படுத்தால் நான் போனில் பார்ப்பது ரிவர்ஸ்டன் மூட்டத்தைத்தான். எங்கே வேனை நிறுத்துவது, எந்த வளைவில் தேத்தண்ணி குடிப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று யோசித்து யோசித்துத்தான் வருஷத்தை ஓட்டுகிறேன். அந்த ஒரு நாளுக்குத்தான் இந்தப் பாடு. அதையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

கடையில் சாப்பிடுவோம் என்று நான்தான் சொன்னேன். "ஸரீனா ஆக்காத ட்ரிப் ஒரு ட்ரிப்பா?" என்று கேட்டது ஜுனைதீன் மச்சான். உங்கள் கைப்பக்குவத்தை மெச்சினது குற்றமா? அதோடு, "நானும் வாறேன்" என்று வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டே போயிருப்பேன்.

நீங்கள் கதவைத் திறக்காமல் விட்டதில் நான் எயார்போட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

தம்பி ஹஸீப்

*

பலாபத்வல,
2024 ஜூன் 21

தம்பி ஹஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகப் போனது. வெயிலில் நீ படுகிற பாட்டைப் படித்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அடுத்த வரியைப் படித்தேன். கண்ணீர் காய்ந்துவிட்டது.

வாயைத் திறந்து சொன்னேனா என்றா கேட்கிறாய்?

சொன்னேன். வேனை விட்டு இறங்கும்போது, "நானும் கொஞ்சத் தூரம் வரட்டா?" என்று கேட்டேன். நீ சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல், "அப்ப சட்டிய யாரு பாக்குற?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் மச்சானும் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன்.  உனக்கு அது நினைவில்லை. நினைவு வைக்கத் தேவை இருக்கவில்லை.

சரி, இனிக் கேட்கிற வேலை இல்லை. ஓகஸ்ட் ஸ்கூல் லீவில் நான், றுக்ஸானா, என் மகள் ஷஸ்னா மூவரும் ரிவர்ஸ்டன் போகிறோம். பாறூக் நானாவிடம் வேன் பேசிவிட்டேன். "பொம்பிளைங்க மட்டுமா?" என்று தலையைச் சொறிந்தார். "ஏன், வேன் ஓடாதா?" என்றேன்.

திட்டம் உனக்கு மட்டும்தான் போடத் தெரியும் என்று நினைக்காதே. நாங்கள் சோறு கொண்டுபோகவில்லை. ரொட்டி, அவித்த முட்டை, பேரீச்சம்பழம். ஷஸ்னா ஸ்கூலுக்குப் போட்டுப் பழசான சப்பாத்து எனக்கு அளவாக இருக்கிறது. தினமும் அசர் தொழுதுவிட்டு மேட்டு ரோட்டில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். முதல் கிழமை மூச்சு வாங்கியது, இப்போது நடந்துகொண்டே ஸலவாத்து ஓத முடிகிறது. அட்டைக்கு, காலில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, உப்பும் முடிந்துகொண்டு போக வேண்டும். நடுப்பகலாகிவிட்டால் மூட்டம் இறங்கும், அதனால் வேளைக்கே ஏறிவிட வேண்டும்.

போன கிழமை நானும் றுக்ஸானாவும் பஸ்ஸில் போய் வழியைப் பார்த்துவிட்டும் வந்தோம். ரத்தோட்டைக்கு மேலே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற யோகேந்திரன் என்பவருடைய பெண்சாதி ரஜனியிடம், "உங்கட வீட்டு டொய்லட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அதுக்கென்னங்க, தாராளமா வாங்க. ட்ரிப் போறவங்க தெனமும்தான் நிக்கிறாங்க. ஆம்பளைங்க தண்ணி கேப்பாங்க, ஐஸ் கேப்பாங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு எடம் இருக்கான்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லீங்க."

ஒருத்தர்கூட. நீயும் அந்தக் கடையில்தான் நிறுத்தினாய்.

ராத்தா

*

தோஹா,
2024 ஜூலை 18

ராத்தாவுக்கு,

ஸலாம். சட்டி விஷயம் நான் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் பகிடிக்குச் சொல்லியிருப்பேன். பகிடிக்கு மூன்று மாதத் தண்டனையா?

கோபத்தில் விளையாட வேண்டாம். ஓகஸ்டில் அங்கே என்ன காற்று என்று தெரியுமா? ஆளைத் தள்ளும். மேலே போனில் சிக்னல் வராது. மூன்று பொம்பிளைகள், புருஷனோ சகோதரனோ என்று ஒரு மஹ்ரம் ஆம்பிளை கூட இல்லாமல், அபாயாவோடு மலை ஏறப் போகிறீர்களா? யாராவது படம் எடுத்துப் போட்டால் நாளைக்கு ஊரில் யார் முகத்தில் முழிப்பது? பள்ளிவாசலுக்குப் போகிற மனுஷன் மச்சான், அவரை நாலு பேர் கேட்க மாட்டார்களா? றுக்ஸானாவுக்கு இதெல்லாம் தேவையும் இல்லை, அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள்தான் இழுக்கிறீர்கள்.

மச்சானோடு பேசிவிட்டேன். அவர் பார்த்துக்கொள்வார். நான் பெருநாளுக்கு வந்தபிறகு எல்லாரும் ஒழுங்காகப் போவோம்.

ஹஸீப்

*

பலாபத்வல,
2024 ஓகஸ்ட் 26

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்கிறேன், ஆறுதலாக உட்கார்ந்து படி.

முதலில் உன் மஹ்ரம் கதைக்குப் பதில். உடம்புக்கு வருத்தம் என்றால் கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் தனியாக பஸ்ஸில் போய், தனியாக வரிசையில் நின்று, தனியாக வருகிறேன். அதற்கு யாரும் மஹ்ரம் கேட்டதில்லை. அதைவிடக் கிட்ட இருக்கிற மலைக்குப் போகும்போதுதான் மார்க்கம் ஞாபகம் வருகிறதா? போன வருஷம் உம்ராவுக்குப் போய் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடினாயே, அது யாருடைய ஓட்டம்? கைக்குழந்தையோடு தனியாக விடப்பட்ட ஒரு தாய் இரண்டு குன்றுக்கும் இடையில் ஓடிய ஓட்டம். உலகத்து ஆம்பிளைகள் எல்லாம் அவள் கால் பட்ட இடத்தில் ஓடினால்தான் உம்ரா நிறைவேறும். என்னிடம் வந்து பொம்பிளைக்கு எதற்கு மலை என்கிறாய்!

இனி நடந்ததைக் கேள்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் மச்சான், "பாறூக் பசியோடயா வேன் ஓட்டுற? அவனுக்கு மட்டும் கொஞ்சம் சோறு போடேன்" என்றார். சரி, பாவம் என்று அரிசி களைந்தேன். ஜும்ஆ முடிந்து வந்து, "பாதுகாப்புக்கு நானும் வாறேன், எனக்கும் சேத்துப் போடு" என்றார். அசருக்குப் பிறகு, "தம்பிமாரும் வரட்டுமே, ஒரு பலம்தானே" என்றார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது நான் பெரிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அதட்டவில்லை, தம்பி. கொஞ்சம் கொஞ்சமாக வந்து சட்டி பெரிதாகிவிட்டது. எப்போதும் அப்படித்தான் பெரிதாகிறது.

சனிக்கிழமை வேன் வந்தது. ஜன்னல் எல்லாம் ஆம்பிளைகள். சட்டியை என் காலடியில் வைத்தார்கள்.  ரத்தோட்டையில் ஐஸ் வாங்க நிறுத்தினார்கள். அப்போது உன் மச்சானுடைய சின்னத் தம்பி முன்சீட்டில் இருந்து திரும்பி, "ஏறுற ஆக்களுக்கு மட்டும் தண்ணிப் போத்தல் எடுப்போம், என்னா?" என்றார்.

நான் றுக்ஸானாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மூவரும் இறங்கிவிட்டோம்.

"எங்க போற?" என்றார் உன் மச்சான்.

"பஸ்ஸுக்கு."

"பஸ்ஸுக்கா? இஞ்ச வேன் ஈக்கும்போது எனத்துக்கு பஸ்? அப்ப சட்டி?"

"அது உங்களோட வரும்."

பாறூக் நானா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஜுனைதீன் நானா, சட்டிக்கு ஒரு ஆள எறக்கோணும் போல ஈக்கிதே!"

நடு ரோட்டில் அவர் என்னோடு வாதாடினார். ஊர் பார்க்கும் என்றார். "பாக்கட்டும், நான் களவெடுக்கல்ல" என்றேன். அதற்குள் ஒரு பஸ் எங்கள் கண்ணுக்கு முன்னால் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெயில் ஏறும் வரை நின்றோம். ரஜனியின் கடையடியில் இறங்கி ஒதுங்கிவிட்டு, மறுபடியும் பஸ் பிடித்து மேலே போனால், அங்கே வேன் நிற்கிறது. சட்டியைச் சுற்றி ஆம்பிளைகள். காற்றில் அடுப்புப் பற்றவில்லை. இரண்டு பேர் பாயைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்க, பாய் பறக்கப் பார்க்கிறது.

"ஸரீனா, இதக் கொஞ்சம் சூடாக்கித் தந்துட்டுப் போவியா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே ஷஸ்னா சொன்னாள்: "வாப்பா, நீங்கதானே பாதுகாப்புக்கு வந்தீங்க. சட்டியப் பாதுகாத்துக்கங்க."

மகளை அதட்ட வேண்டும். அதட்டவில்லை. நடந்தோம்.

நீ சொன்ன காற்று உண்மைதான். அபாயாவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது, ஊசி குத்தி இறுக்கிக்கொண்டோம். றுக்ஸானா முன்னால் போனாள். உன் பெண்சாதிக்கு இதெல்லாம் தேவையில்லை என்று எழுதினாயே, அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா என்று கேள். வளைவு ஒன்றில் நின்று, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, வாய் விட்டுச் சத்தம் போட்டாள். வீட்டில் அவளுடைய சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பாதி வழியில் பின்னால் யாரோ மூச்சு இளைக்கிற சத்தம். உன் மச்சான். தனியாக வந்தார். "மெல்லப் போங்களேன்... நீ இப்பிடி நடப்பாய் எண்டு எனக்குத் தெரியாதே" என்றார்.

"கேட்டீங்களா?" என்றேன்.

உச்சிக்குப் போகவில்லை, தம்பி. உச்சியில் உள்ள ஒலிபரப்புக் கோபுரம் மூட்டத்துக்குள்ளே ஒருமுறை தெரிந்தது, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதை ஆறாக ஓடியது. ஷஸ்னா வழுக்கி விழுந்தாள். திரும்பிவிட்டோம். மழை அல்லாஹ்வுடையது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ரத்தோட்டையில் நடு ரோட்டில் நின்று வாதாடினோமே, அந்த நேரம் எங்கள் கையில் இருந்திருந்தால் மழைக்கு முன்பே மேலே நின்றிருப்போம். அந்த நேரம் உன் மச்சானுடையது. அவரை ஏவிவிட்டது நீ. இதை மறக்க எனக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

ராத்தா

*

தோஹா,
2025 ஜனவரி 30

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதாமல் இத்தனை மாதம் இருந்தது கோபத்தில்தான். மறைக்கவில்லை. ஆம்பிளைகள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கோல் எடுத்தார்கள். "உங்கட ராத்தா நடு ரோட்டில மானத்த வாங்கிட்டா" என்றார்கள். அடிப்பிடித்த சோற்றைப் பற்றி மட்டும் மச்சானின் தம்பி அரை மணித்தியாலம் பேசினார். உங்களுக்கு எழுத ஒரு கடிதம் தொடங்கினேன், கிழித்தேன்.

பிறகு றுக்ஸானாவிடம் சண்டை பிடித்தேன். "ராத்தா இழுத்தா நீயும் போறதா?" என்றேன்.  மலை ஏறிய அன்று தன் போனில் பதிந்த ஒரு சத்தத்தை அவள் அனுப்பினாள். வெறும் காற்று. நடுவில் ஒரு பொம்பிளை கத்துகிறாள். யார் இது என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருஷம், ராத்தா. என் பெண்சாதியின் சத்தம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "மலை ஏற ஆசை எண்டு எனக்கு ஏன் செல்லல்ல?" என்று கேட்டதற்கு, "நீங்க ப்ளான் போட்டு முடிச்சிட்டுத்தானே கோல் எடுப்பீங்க" என்றாள்.

எனக்கு இப்பவும் முழுக்கச் சமாதானம் இல்லை. ரோட்டில் இறங்கியிருக்கத் தேவையில்லை, வீட்டில் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் வீட்டில் பேசினால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டி பெரிதாகியிருக்கும்.

பெருநாளுக்கு லீவு கிடைத்துவிட்டது. குழுவில் இப்படிப் போட்டேன்: இந்த முறை ரிவர்ஸ்டன், பொம்பிளைகளும் ஏறுகிறார்கள், சோறு இல்லை, ரொட்டிதான். ஒருவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. ஒருவருக்குக் கடையில் வேலை. ஒருவர் பதிலே போடவில்லை, குழுவை விட்டுப் போய்விட்டார். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு தட்டுச் சோற்றுக்காகத்தான் இவர்கள் இத்தனை வருஷமும் என்னோடு மலை ஏறினார்களா? எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

ஆக, நீங்கள், றுக்ஸானா, ஷஸ்னா, நான். மச்சான் வருவாரோ தெரியாது. இத்தனை பேருக்குப் பெரிய வேன் வீண். பாறூக் நானாவிடம் சின்ன வாகனம் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹஸீப்

*

பலாபத்வல,
2025 பெப்ரவரி 18

அன்புத் தம்பி ஹஸீபுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். றுக்ஸானாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. அதை நீயே வந்து அவளிடம் சொல்.

வேனைச் சின்னதாக்காதே. பெரிய வேனையே பேசி வைத்துவிட்டேன், அதுவும் போதாமல் போகும் போலிருக்கிறது. நாங்கள் ரத்தோட்டையில் இறங்கிய கதையைப் பாறூக் நானா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆம்பிளைகள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். பொம்பிளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

முதலில் வந்தது பின்வீட்டுக் கைறுன்னிஸா. உட்காரக்கூட இல்லை. "ஸரீனா, நானும் கல்யாணம் முடிச்ச நாள்லருந்து ட்ரிப் போறேன். நுவரெலியா போன, எல்ல போன, திருக்கோணமல போன. எல்லா ஊர்லயும் நான் பாத்தது வேன் நிறுத்துற எடம்தான். என்னயும் கூட்டிட்டுப் போ" என்றாள். அடுத்த நாள் தன் இரண்டு மச்சிமாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஆலிமா, தானும் வரட்டுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். ரஜனியும் தன் கடையடியில் ஏறிக்கொள்கிறாள். அத்தனை ட்ரிப்புக்குத் தேத்தண்ணி ஊற்றியவள், கடைக்கு மேலே உள்ள மலைக்கு இதுவரை போனதில்லையாம். மேட்டு ரோட்டில் இப்போது அசருக்குப் பிறகு நான் தனியாக நடப்பதில்லை. ஒரு படையே வருகிறது. நோன்பு பிறந்ததும் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் நடப்போம் என்று பேசியிருக்கிறோம்.

உன் மச்சான் நேற்றுத் தேத்தண்ணி குடிக்கும்போது, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "வேன்ல எடம் ஈக்குமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவர் கொஞ்சம் யோசனையில் இருக்கட்டும்.

உனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறேன், கடைசி வரிசையில். ஜன்னல் பக்கம் கேட்காதே. அங்கே றுக்ஸானா இருப்பாள்.

ராத்தா ஸரீனா